மூன்று பாட்டில் உப்பு

முதலில் என் முட்டாள்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். பிறர் வாயால் கேட்பதைவிட அதுதான் மரியாதை.

உணவு ஆய்வாளராக நான் எடுத்த முதல் மாதிரி வெண்ணெய். புணே கேம்ப் பகுதியில் ஒரு பால்கடை. வெண்ணெயில் வனஸ்பதி கலக்கிறார்கள் என்று புகார். மாதிரியைப் பாட்டிலில் அடைத்து, காகிதம் சுற்றி, நூல் கட்டி, முடிச்சின் மேல் அரக்கை உருக்கி ஊற்றிப் பித்தளை முத்திரையை அழுத்த வேண்டும். சுற்றிலும் கூட்டம். ராஜா ஓலையில் முத்திரை வைக்கிற தோரணையில், நூல் நழுவாமல் இடது கட்டைவிரலால் முடிச்சைப் பிடித்துக்கொண்டு, அரக்கை ஊற்றி, அரசாங்க முத்திரையை என் கட்டைவிரலிலேயே ஓங்கிப் பதித்தேன். நான் போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற எருமை கயிற்றை அறுத்துக்கொண்டது. கடைக்காரர் ஓடிவந்து, நான் கலப்படம் என்று சந்தேகப்பட்ட அதே வெண்ணெயை ஒரு கை அள்ளி என் விரலில் பூசினார். புண் சீக்கிரமே ஆறியது. பிறகு பரிசோதனை அறிக்கை வந்தது: வெண்ணெய் சுத்தம். அந்த வழக்கில் சீல் ஒழுங்காக விழுந்த ஒரே பொருள் நான்தான்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், சென்ற மழைக்காலத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளுக்கான பயிற்சியில் என்னைப் பேச அழைத்ததுதான். அவர்களில் பிம்ப்ரியிலேயே பிறந்து வளர்ந்த திவ்யா என்ற தமிழ்ப் பெண் கேட்டாள்: "சார், டெல்லியில நேஷனல் லெவல்ல அதாரிட்டி வர்றதுக்கு முன்னாடி நீங்கள்லாம் என்னதான் பண்ணிட்டு இருந்தீங்க?"

அவள் கேட்ட விதத்தில், சக்கரம் கண்டுபிடிப்பதற்கு முன் எதில் ஏறி ஆபீஸ் போனீர்கள் என்கிற பரிதாபம் இருந்தது. என்ன பண்ணினோம்? மாதிரி எடுத்தோம், சீல் வைத்தோம், காத்திருந்தோம். பழைய சட்டத்தின் பெயரே கலப்படத் தடைச் சட்டம். கலப்படக்காரனைப் பிடித்துக் கோர்ட்டில் நிறுத்துவது எங்கள் வேலை. சாப்பிட்டவன் கதி என்ன என்று கேட்க அதில் தனியாக ஆள் இல்லை. பிறகு வந்த தேசிய ஆணையம் கேள்வியையே திருப்பிப் போட்டது: 'இதைத் தின்றால் ஆபத்தா? ஆபத்தென்றால் முதலில் நிறுத்து, கடைக்குப் போனதைத் திரும்ப எடு, வழக்கைப் பிறகு பார்.' நாங்கள் தலைகீழாகப் பழகியவர்கள். எவ்வளவு தலைகீழ் என்பதற்குத்தான் புணே போபோடிப் பேட்டையில் நடந்த இந்தக் கதை.

என் சொந்தக் கதை சுருக்கமானது. அப்பா கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஃபிட்டர். நான் வேதியியல் படித்தேன். வெடிக்காத வேலையாக வேண்டும் என்று அம்மா வேண்டிக்கொண்டாள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்த வேலை கிடைத்தது. சில மாதப் பயிற்சியில் சட்டத்தை மனப்பாடம் செய்தோம். மற்றதையெல்லாம் கற்றுக்கொண்டது ஜோக்ளேகர் சாஹேபிடம்.

சாஹேப் எங்கள் உதவி ஆணையர். ஒல்லியான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. சோதனைக்குப் போன இடத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். ஸ்கூட்டரில் சொந்தக் கூஜா தொங்கும். நாங்கள் சீல் வைத்த பாட்டில்களைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தால், ஜன்னல் பக்கம் திருப்பி ஒவ்வொரு முத்திரையையும் பார்ப்பார். நான்கு முத்திரை இருக்க வேண்டும்: தலையில் ஒன்று, அடியில் ஒன்று, உடம்பில் இரண்டு. நூலின் முடிச்சு அரக்குக்குள் புதைந்திருக்க வேண்டும். அடியிலிருந்து தலைவரை ஒட்டிய சீட்டின்மேல், கடைக்காரரின் கையெழுத்து பாதி சீட்டிலும் பாதி சுற்றிய காகிதத்திலுமாக விழ வேண்டும். யாராவது பிரித்தால் கையெழுத்து உடைந்து காட்டிக்கொடுக்கும். சாஹேப் கட்டைவிரல் நகத்தால் அரக்கின் விளிம்பை மெல்லத் தட்டுவார். திருப்தி என்றால் ஒன்றும் சொல்ல மாட்டார். இல்லையென்றால் மராட்டியில் ஒரே சொல்: "புன்ஹா." மறுபடியும். என் பணிக்காலத்தில் என் மனைவிக்கு அடுத்தபடியாக அந்தச் சொல்லை என்னிடம் அதிகம் சொன்னவர் அவர்தான்.

அவருக்கு ஒரு வேதம் உண்டு. மாதிரிக்கென்று எடுத்ததை மூன்று சம பாகமாக்கு. ஒன்று பரிசோதகருக்கு, மற்ற இரண்டும் கோர்ட்டுக்காகப் பத்திரமாக. பங்கு போட்ட தட்டில் ஒரு துகள்கூட மிச்சம் வைக்காதே. "வெளியில் நிற்கும் மிச்சம் எதிரியின் சாட்சி" என்பார். முன்பு ஒரு வழக்கில் யாரோ ஓர் ஆய்வாளர் மிச்ச மஞ்சள்தூளைப் பொட்டலமாகக் கட்டி மேசை டிராயரில் போட்டு வைக்க, எதிர்த்தரப்பு வக்கீல் அதைத் தேடிப் பிடித்து, 'இதுதான் அசல், பாட்டிலில் இருப்பது இவர்கள் கலந்தது' என்று வாதாடி ஜெயித்துவிட்டாராம். அன்றிலிருந்து சாஹேப் தட்டைக் கவிழ்த்து, பின்பக்கம் தட்டிக் காட்டச் சொல்வார். நானும் கோயில் பிரசாதத் தட்டைத் துடைப்பதுபோலத் துடைக்கப் பழகிவிட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு காலை. போபோடியிலிருந்து அலுவலகத்துக்குப் போன்: ஒரு தமிழம்மா கடையில் நாஷ்டா சாப்பிட்ட ஏழெட்டுப் பேர் மயங்கி விழுந்து அரசு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள். தமிழ் என்றதும் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கிளம்பினேன்.

கடை என்றால் ஒரு தகரக் கூரை, இரண்டு பெஞ்சு. முதல் ஷிஃப்டுக்குப் போகிறவர்களுக்குப் பொங்கலும் இட்லியும். நடத்தியவர் குப்பு அக்கா, வந்தவாசிப் பக்கம். வாசலில் தலைவிரிகோலமாக உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டுக்காரர் கோவிந்தனும் ஆஸ்பத்திரியில்தான். பட்டறைகள் நிறைந்த போசரியில் லேத் வேலை, முதல் தட்டுப் பொங்கல் எப்போதும் அவருக்கு.

"அக்கா, நான் உணவு இன்ஸ்பெக்டர். பொங்கல் எங்கே?"

"கொட்டிட்டாங்க சார்! போலீஸ்காரரு வந்தாரு, நாய்கூட துன்னக் கூடாதுன்னு மொத்தத்தையும் மோரியில கவுத்துட்டாரு. அண்டாவக்கூட கழுவிட்டாங்க."

நல்லெண்ணத்தில் செய்திருக்கிறார் மனுஷன். சாக்கடையில் சீல் வைக்க முடியுமா?

"இன்னிக்கு எது புதுசா போட்டீங்க? பருப்பு? நெய்?"

"அல்லாம் பழசுதான் சார். உப்பு ஒண்ணுதான் புதுசு. நேத்து அவரு போசரியிலேர்ந்து மலிவா கீதுன்னு வாங்கியாந்தாரு. இன்னா உப்போ, எம்மாம் போட்டாலும் சுருக்குனு இல்ல. இன்னும் ரெண்டு கை அள்ளிப் போட்டேன்." சொல்லிவிட்டு அவரே தன் கையைப் பார்த்தார். "ஐயோ, சார்... நானா?"

உப்பு ஜாடி அலமாரியில் இருந்தது. அடியில் கொஞ்சம்தான். பார்க்க வெள்ளை வெளேரென்று, லேசாக மஞ்சள் ஓடியதுபோல இருந்தது. நாக்கில் வைத்துப் பார்க்கலாமா என்று கை போனது. வேதியியல் படித்தவன் செய்யக்கூடிய கடைசிக் காரியம் அதுவாகத்தான் இருந்திருக்கும், எல்லா அர்த்தத்திலும். கையை இழுத்துக்கொண்டேன்.

மாதிரி எடுக்க இரண்டு சாட்சி வேண்டும். எதிரே சைக்கிள் கடைக்காரரைக் கூப்பிட்டேன்.

"அக்கா கையால பத்து வருசம் துன்னவன் சார் நானு. அக்காவுக்கு எதிரா கையெழுத்தா? போ சார், வேற ஆளப் பாரு."

"எதிரா இல்லப்பா, உப்புக்கு எதிரா!"

"உப்புக்கு எதிராவா? உப்பு போட்டவங்களுக்கே எதிரா போவச் சொல்றியே, நீ தமிழனா இன்னா?"

கடைசியில் குப்பு அக்காவே எழுந்தார். "போட்றா கையெழுத்த. நெசம் தெரியட்டும்." அக்கா சொன்ன பிறகுதான் சைக்கிள் கடைக்காரரும் பக்கத்துச் சலூன்காரரும் வந்தார்கள்.

ஜாடியில் இருந்தது மூன்று பாகத்துக்குச் சட்டம் கேட்கும் அளவுக்குச் சரியாக வந்தது. ஜாடியைக் கவிழ்த்துத் தட்டினேன். தட்டைத் தட்டினேன். மூன்று பாட்டில், பன்னிரண்டு முத்திரை. ஒன்றுகூடக் கோணல் இல்லை, கட்டைவிரலும் தப்பித்தது. சாஹேப் பார்த்தால் வாயைத் திறக்க மாட்டார் என்று அந்த நேரத்திலும் எனக்கு ஒரு பெருமை. போகிற வழியில் ஆஸ்பத்திரியில் பாதிக்கப்பட்டவர்களின் பெயர் எழுதிக்கொள்ளப் போனேன்.

அங்கே பார்த்ததும் பெருமை இறங்கிவிட்டது. கோவிந்தன் கட்டிலில் உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் இரைத்துக்கொண்டிருந்தார். உதடும் நகமும் பேனா மையைத் தொட்டதுபோல நீலம். மற்றவர்களுக்கும் அதே நிறம், அவருக்குத்தான் மிக அதிகம். டாக்டர் ஷிர்கே, வார்டுக்குப் பொறுப்பான பெண்மணி, என் பையைப் பார்த்ததும் நேரே வந்தார். மராட்டியில்தான் பேசினார்.

"என்ன சாப்பிட்டார்கள்?"

"உப்பில் சந்தேகம்."

"பூச்சிமருந்து என்று நினைத்து வைத்தியம் ஆரம்பித்தேன். ஒத்துப்போகவில்லை. ஆக்ஸிஜன் வைத்தும் நீலம் போகவில்லை. இதைப் பாருங்கள்." ஒரு ஊசிக்குழாயைத் தூக்கிக் காட்டினார். கோவிந்தனின் ரத்தம். சிவப்பு இல்லை, டிகாக்‌ஷன் நிறம். "எனக்கு ஒரு சந்தேகம், நைட்ரைட். ரத்தத்தை ஆக்ஸிஜன் சுமக்கவிடாது. அதற்கு மாற்று மருந்து ஒன்று உண்டு, வேறு ஆஸ்பத்திரியிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. ஆனால் நான் நினைப்பது தப்பாக இருந்து, இந்த நிலையில் அதை ஏற்றினால் இவர் தாங்க மாட்டார். உப்பைக் கொடுங்கள். சிறுநீர் பார்க்கும் பட்டை இருக்கிறதே, அதில் நைட்ரைட்டுக்கு ஒரு கட்டம் உண்டு. தண்ணீரில் கரைத்துத் தோய்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்."

நைட்ரைட் என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. போசரியில் இரும்பைச் சூடேற்றிக் கடினமாக்கும் பட்டறைகளில் அதை மூட்டை மூட்டையாக உருக்குவார்கள். பார்ப்பதற்கு உப்பேதான்.

"கொடுங்கள்" என்று கை நீட்டினார்.

நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிரிக்காதீர்கள், உண்மையாகவே நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். "சீல் வைத்துவிட்டேன், டாக்டர்."

"உடையுங்கள்."

"உடைத்தால் வழக்கு போய்விடும். விற்றவன் தப்பிவிடுவான். அவனிடம் இன்னும் மூட்டைகள் இருக்கும்."

"ஜாடியில் மிச்சம்?"

"இல்லை."

"தட்டில்?"

"தட்டிவிட்டேன்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க என்னிடம் தமிழ் இல்லை. "மருந்து வந்து சேருவதற்குள் முடிவு சொல்லுங்கள். அதற்குப் பிறகு உங்கள் பாட்டில் எனக்கு வேண்டாம். அவருக்கும் வேண்டியிருக்காது."

பின்னாலேயே வந்திருந்த குப்பு அக்காவுக்கு மராட்டி அரைகுறை. "இன்னா சார் சொல்றாங்க டாக்டரம்மா? உப்ப குடுன்னுதானே சொல்றாங்க? குட்றதுக்கின்னா?"

"சட்டம் இருக்குக்கா..."

"எந்தச் சட்டம்? அவரு மூச்சு வுடக் கூடாதுன்னு சட்டமா?"

அலுவலக அறைக்கு ஓடிப்போய் சாஹேபுக்குப் போன் போட்டேன். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு:

"உப்பு எங்கே வாங்கியது?"

சொன்னேன். போசரி வியாபாரி, ஒரு பக்கம் பட்டறைகளுக்கு ரசாயனம், இன்னொரு பக்கம் மெஸ்களுக்குச் சில்லறை மளிகை.

"மூன்றுக்கும் சீல் வைத்தாயிற்றா?"

"ஆயிற்று, சாஹேப்."

"உன் கேள்வி என்ன?"

"ஒன்றை உடைக்கலாமா?"

"அதற்குச் சட்டத்தில் இடமில்லை."

"தெரியும், சாஹேப்."

"தெரிந்தால் என்னை ஏன் கேட்கிறாய்?"

தொடர்பு அறுந்தது.

இது சம்மதமா, மறுப்பா? ரிசீவரைக் கையில் பிடித்தபடி நின்றேன். ஒருபுறம் கோவிந்தன். மறுபுறம் நான் முகம் பார்த்திராத யாரோ, அந்த வியாபாரியின் அடுத்த மூட்டையைப் பொங்கலில் போடப் போகிறவர்கள். என் உத்தியோகம் வேறு நடுவில் நின்று கையைப் பிசைந்தது. அதற்கு நான் பதில் சொல்லவில்லை என்று பெருமையாக எழுத ஆசைதான். சொன்னேன். பென்ஷனைப் பற்றிக்கூட யோசித்தேன். வாசலில் வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. வார்டு பாய் ஓடினான். மருந்து.

பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தேன். முத்திரை உடைய மறுத்தது. அவ்வளவு நன்றாக வைத்திருந்தேன். கடைசியில் மேசை விளிம்பில் தட்டி, பல்லால் நூலைக் கடித்து, அரக்கைத் துப்பிக்கொண்டு டாக்டரிடம் நீட்டினேன். உப்பைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துப் பட்டையைத் தோய்த்தார். நாங்கள் மூவரும் குனிந்து பார்த்தோம். குப்பு அக்காவுக்கு எந்தக் கட்டம் என்று தெரியாது; எல்லாக் கட்டத்தையும் பார்த்தார். வெள்ளையாக இருந்த ஒன்று முதலில் லேசாகக் கூச்சப்பட்டது. பிறகு ரோஜா நிறம். அப்புறம் கல்யாணப் புடவைபோல அப்பட்டமான சிவப்பு.

டாக்டர் ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். மருந்தே கரு நீலம். நீலமாகக் கிடப்பவருக்கு நீலத்தையே ஏற்றுகிறார்களே என்று குப்பு அக்கா என் கையைக் கிள்ளினார். அந்தத் தடம் சில நாள் இருந்தது. கோவிந்தனின் நிறம் மெதுவாகத்தான் மாறியது. முதலில் நகம், பிறகு உதடு. கோவிந்தன் கண்ணைத் திறந்து கேட்ட முதல் கேள்வி, "ஷிஃப்டு போச்சா?" சாயங்காலம் பாத்ரூமிலிருந்து அலறினார்: "குப்பு! பச்சையா போவுதுடி!" மருந்தின் நிறம் அப்படித்தான் வெளியேறும் என்று டாக்டர் விளக்கிய பிறகும், அடுத்தடுத்துப் போன ஒவ்வொருவரும் அலறினார்கள். யாரும் சாகவில்லை.

சாஹேப் ஏன் போனை வைத்தார் என்று பிறகுதான் தெரிந்தது. அந்தக் கையோடு இரண்டு ஆய்வாளர்களைக் கூட்டிக்கொண்டு போசரிக்குப் போயிருக்கிறார். மெஸ்களில் மதியச் சமையல் ஆரம்பிக்கும் முன்னே வியாபாரியின் கிடங்கைப் பூட்டி, முந்தின நாளும் அன்றும் சில்லறையில் உப்பு வாங்கியவர்களின் வீடு வீடாக ஆள் அனுப்பித் திரும்ப எடுத்திருக்கிறார். அப்படி எடுக்கச் சொல்லும் விதியும் பழைய சட்டத்தில் இல்லை. கிடங்கில் உப்பு மூட்டையும் நைட்ரைட் மூட்டையும் தோளோடு தோள் சாய்ந்து நின்றனவாம்.

வழக்கு நடந்தது. நைட்ரைட் மூட்டை வைத்திருப்பது குற்றமில்லை, அது தொழிலுக்கு. வீடுகளிலிருந்து சீலில்லாமல் அவசரமாகத் திரும்ப எடுத்தது கோர்ட்டில் எடுபடாது. அது உப்பாகக் குப்பு அக்காவின் ஜாடிக்கு வந்ததற்குச் சாட்சி என் மூன்று பாட்டில்தான். எதிர்த்தரப்பு வக்கீல் என்னைக் கூண்டில் நிறுத்தி இனிமையாகக் கேட்டார்.

"மூன்றில் ஒன்றைத் திறந்தீர்கள்?"

"ஆமாம்."

"எதனால்?"

"பல்லால்."

கோர்ட்டே சிரித்தது. நான் 'எதற்காக' என்று கேட்பார் என்று எதிர்பார்த்து, 'எதனால்' என்றதும் தடுமாறிவிட்டேன். "பல்லால் ஒன்றைத் திறந்தவர் மற்ற இரண்டைத் தொடவில்லை என்பதற்கு என்ன உத்தரவாதம்? யார் அனுமதி கொடுத்தது?" என்றார். பின்வரிசையில் சாஹேப் எழுந்து நின்று, கேட்காமலே, "நான்" என்றார். தான் ஓய்வு பெறுகிறவரை அவர் அதைப் பற்றி வேறொன்றும் பேசவில்லை. மற்ற இரண்டு பாட்டிலையும் கோர்ட் நம்பவில்லை; வியாபாரி விடுதலையானான். சில காலம் கழித்து அதே இடத்தில் கடை திறந்தான். என்னைப் பார்த்தால் கூப்பிட்டு டீ சாப்பிடச் சொல்வான். சாஹேபைப்போல எனக்கும் கூஜா தேவைப்பட்டது அப்போதுதான்.

புதிய ஆணையம் வந்தபோது, ஆபத்தான உணவை உடனே நிறுத்தவும் திரும்ப எடுக்கவும் சட்டத்திலேயே இடம் வந்தது. அந்தப் பக்கத்தைப் படித்தபோது, சாஹேப் அன்று விதியில்லாமல் செய்ததற்கு இன்று விதி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

பயிற்சியில் இவ்வளவையும் சொல்லி முடித்தேன். பின்வரிசையில் ஒரு பையன் போனைக்கூடக் கீழே வைத்துவிட்டான். இதைவிட நல்ல முடிவு கிடைக்காது என்று எனக்குத் தெரிந்தது. நிமிர்ந்து நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டேன்: "உயிர் ஒரு பக்கம், கேஸ் ஒரு பக்கம். அந்த இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?"

திவ்யா கையைத் தூக்கினாள்.

"சீல் பண்றதுக்கு முன்னாடி ஒரு சிட்டிகை வெளிய வெச்சிருப்பேன், சார்."